கோர்வைக்கு இரண்டு பேர்

நிக்கத் மிஸ்ஸின் போன் வந்தபோது சம்பூர்ணத்தின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் மாவில் இருந்தன. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் கிரேஸ் அக்கா நடத்துகிற மெஸ்ஸில் மாவுக்கு அவள்தான் பொறுப்பு. கிரைண்டர் என்னதான் ஆட்டித் தள்ளினாலும், கடைசியில் ஒரு பொம்பளையின் கை உள்ளே போய் அடித்துக் கலக்கினால்தான் இட்லி இட்லியாக வரும், இல்லாவிட்டால் காக்கா ஓட்டத்தான் ஆகும் என்பது கிரேஸ் அக்காவின் கட்சி. அந்தக் கட்சிக்கு உழைத்து உழைத்துச் சம்பூர்ணத்தின் கைகளில் புளித்த வாசனை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. மகள் சுகாசினி அந்தக் கையை மூக்கோடு வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். போனை எடுத்து அவள் காதோடு பிடித்தது கிரேஸ் அக்கா.

“சுகாசினி அம்மா, ஒடனே கெளம்பி வாங்க. புள்ள பேசிட்டா!”

“இன்னா மிஸ்சு?”

“பேசிட்டாம்மா! தெளிவா ஒரு வார்த்த. ஒரு தரம் இல்ல, காலைலேர்ந்து சொல்லிக்கினே இருக்கா. என்னா வார்த்தன்னு நான் சொல்ல மாட்டேன். வந்து உங்க காதால கேளுங்க.”

சம்பூர்ணம் மாவுப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண்ணீர் வழிந்தது.

“அழுவறத அப்பறமா அழுவுடி,” என்று கிரேஸ் அக்கா அதட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “கைய கழுவிக்கினு ஓடு. மாவ நான் பாத்துக்கறேன். இந்தா, இந்தக் கேசரிய எட்த்துக்கினு போ. புள்ள வாயத் தொறந்துருக்குது, வெறுங்கையோட போவியா?”

சுகாசினிக்கு ஏழு வயசு. காது நன்றாகக் கேட்கிறது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மிஷின் வைத்துப் பார்த்தார்கள். காதில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அப்புறம் ஏன் பேச்சு வரவில்லை என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். பேர்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. சட்டைக்குப் பட்டன் போட அவள் விரல் வளையாது. சோற்றை அள்ளினால் பாதி மடியில் கிடக்கும். யார் கண்ணையும் பார்க்க மாட்டாள். கோபம் வந்தால் தன் மணிக்கட்டைத் தானே கடிப்பாள். அந்த இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் சம்பூர்ணம் அவள் மோவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சொல்லுடி கண்ணு, ம்மா சொல்லு, ம்மா...” என்று கெஞ்சுவாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

போன ஆனி மாசம்தான் நிக்கத் மிஸ்ஸிடம் சேர்த்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் மதிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக அந்தப் பெண் ஒரு மையம் நடத்தினாள். களிமண் பிசைவது, மணி கோப்பது, பந்து உருட்டுவது என்று பிள்ளைகள் கூத்தடிக்கும். விரல் வேலை செய்தால் மூளை வேலை செய்யும், மூளை வேலை செய்தால் நாக்கும் ஒரு நாள் வேலை செய்யும் என்று மிஸ் சொன்னாள். சம்பூர்ணம் தலையாட்டிவிட்டு வந்தாள். மகளை விட்டுவிட்டு நேராக மெஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு மாடி ஏறிப் பார்க்க எங்கே நேரம்? கூட்டி வருவது அவள் புருஷன் வீராசாமி. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வாசலில் நின்று ஹாரன் அடித்தால் பிள்ளை இறங்கி வரும்.

சின்ன காஞ்சிபுரம் போகிற ஆட்டோவில், ஈரக் குடைகளுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்துகொண்டு, சம்பூர்ணம் ஒவ்வொரு வார்த்தையாக மனசில் சொல்லிப் பார்த்தாள். தண்ணியா? அப்பாவா? அப்பா என்று சொல்லியிருந்தால் வீராசாமியைக் கையில் பிடிக்க முடியாது. ஆனால் மிஸ் ஏன் சொல்ல மாட்டேன் என்று விளையாட்டுக் காட்ட வேண்டும்? அம்மாதான். அம்மா என்றுதான் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த கிழவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் தனியாகச் சிரித்தாள்.

கேசரிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பாதிப் படியிலேயே குரல் கேட்டது. கீச்சென்ற, ஆனால் அழுத்தமான குரல். அதற்கு முன்னால் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை, ஆனாலும் அது தன் பிள்ளையின் குரல் என்று வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது.

“போடு.”

சம்பூர்ணத்தின் கால் நின்றது.

“போடு.”

அவள் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. வலது கை தானாக நீண்டது. கேசரிப் பொட்டலம் படியில் விழுந்து உருண்டது. உடம்பு முந்திக்கொண்டது, அறிவு அப்புறம்தான் வந்தது.  இந்த வார்த்தை இந்தப் பிள்ளையின் வாய்க்கு எப்படி வந்தது?

மீதிப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கூடத்தில் பாய் விரித்திருந்தது. பாயின் நடுவில் சின்ன மரச்சட்டம் ஒன்று. சட்டத்தில் மேலும் கீழும் ஆணி அடித்து நூல் கட்டியிருந்தது. நடுவில் பச்சை, ஓரத்தில் சிவப்பு. சட்டத்துக்கு முன்னால் சுகாசினி. வலது ஓரத்தில் நஸ்னீன் என்கிற இன்னொரு சிறுமி, கையில் சிவப்பு நூல் சுற்றிய கட்டையோடு. சுகாசினி ஒரு குச்சியால் நூல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “போடு” என்றாள். நஸ்னீன் கட்டையை உள்ளே போட்டாள். பட்டன் போடத் தெரியாத அந்த விரல்கள் பச்சை நூலையும் சிவப்பு நூலையும் கோத்து இழுத்துப் பிணைத்தன.

அது பட்டுத் தறியில் போடுகிற கோர்வை. சட்டம் சின்னது, நூல் தடிமன், பட்டு இல்லை, சரிகை இல்லை. இருந்தாலும் அது கோர்வைதான்.

“பாத்தீங்களா?” என்று நிக்கத் மிஸ் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். “கேட்டீங்களா, சுகாசினி அம்மா?”

சம்பூர்ணம் அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். சட்டத்தைக் காலால் எத்தினாள். நூல்கட்டை பறந்துபோய்ச் சுவரில் மோதியது. நஸ்னீன் அலறினாள். சம்பூர்ணம் மகளின் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினாள்.

“எம் பொண்ண தறிக்கு உட்டுட்டியாடி?” என்றாள் மிஸ்ஸைப் பார்த்து. அந்த ‘டி’ அவள் வாயில் எப்படி வந்தது என்று அப்புறம் நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள். அப்போது வெட்கமெல்லாம் இல்லை. “பேச வெக்கறேன்னு சொல்லி, கோர்வைக்கு ஒக்கார வெச்சிட்டியாடி பாவி!”

“அய்யோ, தறி இல்லம்மா இது! வெளயாட்டும்மா! வெறலுக்காக...”

“வெரல பத்தி என்கிட்ட சொல்றியா நீ?”

 பாராட்டுக்கு நின்றவள் மேல் பளார் என்று அறை விழுந்த மாதிரி இருந்தது நிக்கத்தின் முகம். சுகாசினி கீழே கிடந்த சட்டத்தைப் பார்த்துக் கை நீட்டி வீறிட்டாள். படியில் இறங்கும்போதெல்லாம் அவள் திமிறினாள். சிதறிக் கிடந்த கேசரியை மிதித்துக்கொண்டு தாயும் மகளும் மழையில் இறங்கினார்கள்.

வீராசாமி வீட்டுக்கு வந்தபோது அவன் கையில் உடைத்த தேங்காய் மூடிகள் இருந்தன. நெற்றி நிறைய விபூதி. கிரேஸ் அக்கா அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டிருந்தாள். கேட்டவன் ஆட்டோவில் இருந்த ஆட்களை இறக்கிவிட்டு, நேராகக் குமரக்கோட்டம் முருகன் சந்நிதிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறான். திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில், வேகவதி ஆற்றைத் தாண்டிக் காலனியில் அவர்களுக்கு ஒரு தளம் போட்ட வீடு. வாசலில் நின்றபடியே, “எங்க எம் பொண்ணு? அப்பாகிட்ட பேசு ராசாத்தி!” என்று கூவினான்.

சுகாசினி மூலையில் சுருண்டு மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாமே ஆச்சு? பேசுச்சா இல்லியா, அத்த சொல்லு.”

“பேசுச்சு.”

“இன்னா சொல்லிச்சு?”

“போடுன்னு சொல்லிச்சு.”

“போடுன்னா போடட்டுமே! நல்ல வார்த்ததான? சோறு போடுன்னு கேக்கும், துணி போடுன்னு கேக்கும். அதுக்கு ஏன் எழவு உழுந்த மாதிரி ஒக்காந்துகினு இருக்கற?”

“கோர்வைக்கு போடுன்னு சொல்லிச்சுபா. தறி மாதிரி கட்டி வெச்சிக்கினு, எம் பொண்ணு நடுவுல ஒக்காந்துகினு, இன்னொரு புள்ளய ஓரத்துல ஒக்கார வெச்சி...” 

வீராசாமிக்கு அவள் சின்ன வயசில் தறியில் இருந்தவள் என்று தெரியும். காலனியில் அந்த வயசுக்காரிகள் பாதிப் பேர் இருந்தவர்கள்தான். அது ஒரு காலம் என்று அவனும் அதை விட்டுவிட்டிருந்தான். சம்பூர்ணமும் சொன்னதில்லை.

தென்னேரி ஏரிக்கரைப் பெண் அவள். அம்மா செத்த வருஷம், வீட்டில் ஒரு வாயாவது குறையட்டும் என்று அப்பா அவளைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டி வந்து ஒரு தறி வீட்டில் விட்டார். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துப் பிணைப்பதுதான் கோர்வை. ஒரு ஆளால் ஆகாது. நெய்கிறவர் குழியில் கால் விட்டு நடுவில் உட்காருவார். ஓரத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து, அவர் சொல்லும்போது கரை நாடாவை உள்ளே போட வேண்டும். நாடா என்றால் நூல் வைத்த கட்டை, முனையில் இரும்பு. அவர் “போடு” என்பார். பிள்ளை போடும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அந்த ஒரு வார்த்தைதான். பிள்ளை வாய் திறக்கக் கூடாது. பேச்சில் கவனம் போனால் இழை அறுந்துவிடும். கை ஒரு நொடி தாமதித்தால் நெய்கிறவர் தன் நாடாவை ஓங்குவார், இரும்பு முனை விரல் முட்டியில் இறங்கும். எல்லாத் தறி வீடும் அப்படியல்ல. ஓரத்துப் பிள்ளையைத் தன் பிள்ளை மாதிரி மடியில் வைத்துச் சோறு ஊட்டிய வீடுகளும் இந்த ஊரில் உண்டு. சம்பூர்ணத்துக்கு வாய்த்தது அந்த வீடு அல்ல, அவ்வளவுதான்.

மழைக்காலம்தான் அவளுக்குத் திருவிழா. ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கும். தறி நிற்கும். யாரும் ‘போடு’ சொல்ல மாட்டார்கள். இன்றைக்கும் மழை வந்தால் சம்பூர்ணத்துக்கு ஒரு சந்தோஷம் வரும், ஏன் என்று அவள் யோசித்ததில்லை. வயசுக்கு வந்த பிறகுதான் அந்த ஓரத்தைவிட்டு எழுந்தாள். தலை கொஞ்சம் சாய்ந்தே நின்றுவிட்டது. வலது கை நடுவிரல் முட்டி மடங்காது. சுகாசினி பிறந்து பேசாமல் போனபோது, தான் வாய் மூடிக் கிடந்ததெல்லாம் வயிற்றில் சேர்ந்து பிள்ளைக்குப் போய்விட்டது என்று அவள் திடமாக நம்பினாள். இது அசட்டு நம்பிக்கை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பெற்றவளிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

“இனிமே புள்ள அங்க போவாது,” என்றாள்.

“அப்ப திரும்ப ஊமையாவே கெடக்கட்டும்ன்றியா?”

சம்பூர்ணம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கேட்டுவிட்டு வீராசாமியும் திடுக்கிட்டுப்போனான். தேங்காய் மூடிகளை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

பிள்ளை பேசவில்லை. அப்புறம் வந்த நாட்களில் ஒரு சத்தம்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. சோறு வைத்தால் தட்டைத் தள்ளினாள். முன்பு கோபத்தில் மட்டும் கடித்த மணிக்கட்டை இப்போது சும்மாவே கடித்தாள். தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. தனியே விட முடியாமல் சம்பூர்ணம் அவளையும் மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் அவள் கோணிப்பையின் நூலை உருவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாய் பிடுங்கி எறிவாள். பிள்ளை அடுத்த நூலை உருவும்.

“ஏண்டி, கத்தி வெட்டிடுச்சுன்னு நீ காய் அரியறத உட்டுட்டியா?” என்று கேட்டாள் கிரேஸ் அக்கா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

“கத்திய கையில குடுத்து, அழுவாம அரிடின்னு என்னை எவனும் அடிக்கல அக்கா.”

“அது சரி. ஆனா உம் பொண்ண எவனும் அடிக்கலியே. நீதான் கைய புடிச்சி இழுத்துக்கினு வந்த. பாரு, கையில தடிப்பு இன்னும் இருக்குது.”

சம்பூர்ணம் மகளின் கையைப் பார்த்தாள். தன் விரல் பதிந்த இடம் சிவந்துதான் இருந்தது.  மாவை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம், மழை சற்று ஓய்ந்த நேரத்தில், நிக்கத் மிஸ் வீடு தேடி வந்தாள். பர்தாவின் அடிப்புறமெல்லாம் சேறு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வீராசாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“சுகாசினியோட தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாம் அங்கயே இருந்திச்சு. குடுத்துட்டு போலாம்னு வந்தேன்.”

“வெச்சிட்டு போங்க மிஸ்சு,” என்றாள் சம்பூர்ணம். அன்றைக்குச் சொன்ன ‘டி’ நடுவில் நின்றது.

“என்மேல என்னா கோவம்னு சொல்லிட்டா போயிடறேன். அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல எனக்கு. நான் தப்பா எதுவும் செய்யலியேம்மா. பேசாத புள்ளைங்களுக்கு பேச ஒரு காரணம் வேணும். தனியா மணி கோத்தா யார்கிட்டயும் பேச வேணாம். கோர்வைக்கு ரெண்டு பேர் வேணும், ஒருத்தி கேட்டாதான் இன்னொருத்தி போடுவா. அதனாலதான் அத்த எடுத்தேன். இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச வேலதானேன்னு நெனச்சேன்.”

“எல்லாருக்கும் தெரியும் மிஸ்சு. எங்களுக்கு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியும்,” என்று சொல்லிச் சம்பூர்ணம் தன் வலது கையை நீட்டினாள். “இந்த வெரல மடக்கி பாருங்க.”

நிக்கத் அந்த நடுவிரலைத் தொட்டாள். மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. முட்டியில் வெள்ளையாக ஒரு தழும்பு. சம்பூர்ணம் சொல்ல ஆரம்பித்தாள். புருஷனிடம்கூடச் சொல்லாததையெல்லாம் நின்றுகொண்டே சொன்னாள். ‘போடு’க்கும் ‘போடு’க்கும் நடுவில் மூத்திரம் போகக்கூட எழுந்திருக்க முடியாததைச் சொன்னாள். ஒரே ஒரு நாள் ஜுரத்தில் ‘மாட்டேன்’ என்று சொல்ல நினைத்து, அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றதை, கை நின்றதை, நாடா இறங்கியதைச் சொன்னாள். அன்றிலிருந்து யாரிடமும் ‘மாட்டேன்’ சொல்ல வாய் வராததையும் சொன்னாள்.

வீராசாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றான். இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

“யா அல்லா,” என்றாள் நிக்கத்.  “எங்க நன்னா, அதான் தாத்தா, சரிகை கட வெச்சிருந்தாரு. சின்ன வயசுல ஊர் முழுக்க அந்த தறிச் சத்தத்த கேட்டிருக்கேன். எனக்கு அது பாட்டு மாதிரி இருந்திச்சும்மா. ஓரத்துல யாரு ஒக்காந்திருந்தாங்கன்னு நான் ஒரு நாளும் நெனச்சி பாக்கல.” அந்த விரலை விடாமல், “வார்த்தய மாத்திடறேன். குடுன்னு சொல்ல வெக்கறேன்,” என்றாள்.

“நீங்க மாத்திடுவீங்க மிஸ்சு. எம் பொண்ணு வாயில மொதல்ல வந்தத யாரு மாத்துவாங்க? நான் அம்மான்னு வரும்னு ஏழு வருசமா காத்துக்கினு இருந்தேன்.” சம்பூர்ணத்துக்கு அழுகை முட்டியது. “போடுன்னு வந்துச்சே!”

நிக்கத் பையிலிருந்து கடைசியாக, நூல்கட்டையும் குச்சியும் செருகிய அந்த மரச்சட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். எத்தியதில் ஒரு மூலை பிளந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. “இது அவளோடது. நான் வெச்சிக்கறது சரியில்ல. வேணாம்னா அடுப்புல போட்டுடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிட்டு போறேன். என் கிளாஸ்ல ஓரம்னு யாருக்கும் ஒரு எடம் கெடையாது. ஓரத்துல இருக்கறவ வேணாம்னு தலையாட்டிட்டா, ரெண்டு பேரும் எந்திரிச்சி எடம் மாறிக்கணும். அவ நடுவுல, இவ ஓரத்துல. அதான் ஆட்டம்.”

சம்பூர்ணம் கசப்பாகச் சிரித்தாள். “கோர்வையில வேணாம்னு சொன்னா எடம் மாறுவாங்களா? நல்ல கதையா இருக்குது மிஸ்சு.”

நிக்கத் சுகாசினியின் பக்கம் குனிந்து, கடிபட்ட மணிக்கட்டைப் பார்த்தாள். அழுதுகொண்டே படி இறங்கினாள். சட்டத்தைத் தூக்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினான் வீராசாமி.

மறுநாள் கார்த்திகை ஞாயிறு. கச்சபேஸ்வரர் கோயிலில் மண்டை விளக்கு எடுக்கிற நாள். மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துக் கோயிலைச் சுற்றினால் தலைக்குள்ளிருக்கும் நோவெல்லாம் தீரும் என்பது ஊர் நம்பிக்கை. பிள்ளைக்காக எடுப்பதாக வீராசாமி வேண்டிக்கொண்டிருந்தான். கோயில் கூட்டத்துக்கு ஆட்டோ ஓட்டிவிட்டு மத்தியானம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிக் காலையிலேயே கிளம்பிவிட்டான். போகும்போது சம்பூர்ணத்தின் தலையில் கை வைத்து, சாய்ந்திருந்த தலையை ஒரு தரம் தடவிவிட்டுப் போனான். அப்படி அவன் செய்வது வழக்கமே இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சம்பூர்ணம் தரையில் உட்கார்ந்து, ஈர அரிசி மாவில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்தாள். ஏலக்காய் வாசனை எழுந்தது. பின்னால் டிரம் நகர்கிற சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தாள்.

சுகாசினி சட்டத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு எதிரில் வைத்தாள். மாவுத் தட்டின்மேல் அதைச் சாய்த்து, வாகு பார்த்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிவப்பு நூல் சுற்றிய கட்டையைச் சம்பூர்ணத்தின் மடியில் வைத்தாள். சம்பூர்ணம் இருந்த இடம் சட்டத்துக்கு வலது ஓரமாக இருந்தது.  எழுந்துவிடலாம் என்று நினைத்தாள், எழவில்லை. பிள்ளை குச்சியால் நூல்களைத் தூக்கியது.

“போடு.”

மாவு ஒட்டிய கை கட்டையை எடுத்து உள்ளே போட்டது. சம்பூர்ணம் போடவில்லை, கை போட்டது. தலை சாய்ந்தது. தன் பிள்ளையின் முன்னால் தான் மறுபடி அந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். 

“போடு.”

கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தினாள். நிறுத்தியதும் உடம்பு தானாகக் குறுகியது. விரல்களை மடக்கி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். மடங்காத விரல் மட்டும் வெளியே நின்றது. எதிரில் இருப்பது ஏழு வயசுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

“மாட்டேன்,” என்றாள்.

குரல் கிழிந்து வந்தது. அதைக் கேட்டு அவளே திகைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் இறங்கவில்லை. மழைச் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது சுகாசினி எழுந்து நின்றிருந்தாள். சட்டத்தைச் சுற்றி வந்தாள். அம்மாவின் இடுப்பில் தன் இடுப்பை வைத்து முட்டினாள். நகரு என்பது போல இன்னொரு முட்டு. சம்பூர்ணம் ஒன்றும் புரியாமல் தரையில் தேய்ந்தபடி நகர்ந்து நடுவுக்கு வந்தாள். சுகாசினி ஓரத்தில் உட்கார்ந்து, கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, தயாராகக் காத்திருந்தாள்.

மிஸ் சொன்னது அப்போதுதான் சம்பூர்ணத்தின் மண்டையில் ஏறியது.

ஆனால் அவளுக்கு வாய் திறக்கவில்லை. ஓரத்தில் ஒரு பிள்ளை, கையில் நாடாவோடு. அந்தப் பிள்ளையைப் பார்த்து அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது?  மழை பெய்துகொண்டே இருந்தது. பிள்ளை காத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுமை இழந்து கையை நீட்டினாள். அம்மாவின் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். ஒவ்வொரு நாள் காலையும் தன் மோவாயை அம்மா எப்படித் தூக்கிப் பிடிப்பாளோ, அச்சு அசலாக அப்படியே. அப்படிப் பிடித்துக்கொண்டு நேராக அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு தரமும் பார்த்ததில்லை.

சம்பூர்ணத்துக்குக் கண்ணீர் கொட்டியது.

“போடும்மா,” என்றாள். “போடு, எங்கண்ணு.”

சுகாசினி கட்டையைப் போடவில்லை. மடியில் வைத்தாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவள் உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது.

“மாட்டேன்,” என்றாள்.

சம்பூர்ணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ‘மாட்டேன்’ என்றாள் மறுபடியும், மழைச் சத்தத்தைவிட உரக்க. யாரும் அவளை அடிக்கவில்லை. அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இடுப்பால் ஒரு முட்டு முட்டினாள்.

இடம் மாற வேண்டும். சம்பூர்ணம் கையை ஊன்றி எழுந்தாள்.